ஆயிரம் ரூபாயா, பத்து லட்சமா? சென்னையில் முதல் வாட்ச் வாங்குகிறவர்களுக்கு

காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைப்பதில்லை. நின்றபடியே, கைப்பிடிகளைப் பற்றியிருக்கும் மணிக்கட்டுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவேன். ஒரு சொனாட்டா, நாலைந்து டைட்டன், கறுப்புப் பட்டையில் ஒரு கேஸியோ, மீதியெல்லாம் ஸ்மார்ட் வாட்ச். மாம்பலத்தில் ஏறும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கையில் தங்க நிற ரோலெக்ஸ் மின்னும். அது எந்த நடைபாதையில் வாங்கியது என்று அவருக்கும் தெரியும், பார்க்கிற எனக்கும் தெரியும். இருவரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "அண்ணா, ஒரு நல்ல வாட்ச் வாங்கணும். எவ்வளவு போடலாம்?" என்பார்கள். "எதுக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மணி பார்க்க என்றால் ஆயிரத்துச் சொச்சத்தோடு கதை முடிந்துவிடும். அதற்கு மேல் தருகிற பணம் வேறு எதற்கோ போகிறது. அது எது என்று தெரிந்து கொடுத்தால் பத்து லட்சம் கொடுத்தாலும் தப்பில்லை. தெரியாமல் கொடுத்தால் பத்தாயிரமே தண்டம். ஸ்மார்ட் வாட்ச் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது போனின் குட்டி, போனைப் போலவே சில வருடங்களில் கிழடாகிவிடும்.

முதலில், உள்ளே என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

செல் போட்டு ஓடும் குவார்ட்ஸ் வாட்சுக்குள் ஒரு சின்னப் படிகம் இருக்கிறது. மின்சாரம் பட்டதும் அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் ஒன்று வரும். அந்த ஒரு துடிப்புதான் விநாடி முள்ளைத் தள்ளுகிறது. சாவி கொடுக்கிற வாட்சிலும், கை அசைவிலேயே தன் வில்லை முறுக்கிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்கிலும் (இரண்டையும் சேர்த்து மெக்கானிக்கல் என்பார்கள்) படிகம் கிடையாது. இங்குமங்கும் ஊசலாடும் ஒரு சிறு சக்கரம்தான் அங்கே கணக்கு வைக்கிறது. இப்போதைய வாட்சுகளில் பெரும்பாலும் அது விநாடிக்கு ஆறு அல்லது எட்டு தடவை துடிக்கும்.

இனி எது சரியாக மணி காட்டும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்கு 15 விநாடி முன்பின் போகும். 1989இல் வந்து இன்னும் விற்றுக்கொண்டிருக்கும் கேஸியோ எஃப்-91டபிள்யூ மாதத்துக்கு 30 விநாடிக்குள் நிற்கும், அதன் செல் சுமார் 7 வருடம் வரும். சுவிட்சர்லாந்தில் தனியே சோதித்து 'க்ரோனோமீட்டர்' சான்று தருகிற மெக்கானிக்கல் வாட்சுக்கு, நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம் என்று அனுமதி. நாளுக்கு ஆறு என்றால் மாதத்துக்கு மூன்று நிமிடம். ரோலெக்ஸ் தனக்குத் தானே வைத்துக்கொண்ட வரம்பு நாளுக்கு 2 விநாடி. அதுவுமே மாதம் ஒரு நிமிடம் ஆகலாம். ஆக, டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கோ எழும்பூர் ரயிலுக்கோ நேரம் பார்ப்பதில் கேஸியோவை ரோலெக்ஸ் ஜெயிக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சீக்கோ ஆஸ்ட்ரான் 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் விற்பனைக்கு வந்தபோது விலை 4,50,000 யென். அன்றைக்கு அந்தப் பணத்துக்கு ஒரு டொயோட்டா கார் வாங்கலாம். அப்புறம் குவார்ட்ஸ் மலிந்தது, மெக்கானிக்கலை நம்பியிருந்த சுவிஸ் தொழில் எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் படுத்தே போனது. பிழைத்தவர்கள் மணியை விட்டுவிட்டு வேலைப்பாட்டையும் வரலாற்றையும் அந்தஸ்தையும் விற்கக் கற்றுக்கொண்டார்கள்.

நம் ஊர் வியர்வை

இணையத்தில் வரும் பரிந்துரைகளில் பாதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அழகான பழுப்புத் தோல் ஸ்ட்ராப் போட்ட வாட்சைக் காட்டுவார்கள். நானும் மயங்கி ஒன்று வாங்கினேன். ஏப்ரலில் வாங்கியது ஆகஸ்டில் நாற ஆரம்பித்தது, தீபாவளிக்கு முன்பே உட்பக்கம் வெடித்துவிட்டது. வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு பைக்கில் போகிறவருக்குத் தோல் ஸ்ட்ராப் கல்யாண வீட்டுக்கு மட்டும்தான். தினசரிக்கு ஸ்டீல் செயின், நைலான் பட்டை, நல்ல சிலிக்கான் இந்த மூன்றில் ஒன்று. செயின் என்றால் மாதம் ஒரு தடவை, பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் வைத்துக் கண்ணிகளுக்கு நடுவே தேயுங்கள். வெளியே வரும் அழுக்கைப் பார்த்தால் அடுத்த மாதம் மறக்க மாட்டீர்கள்.

அதைவிட முக்கியம், வாட்சைத் திருப்பி முதுகைப் பார்ப்பது. 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் பொறித்திருந்தால், ஸ்டீல் அந்த மூடி மட்டும்தான் என்று பெரும்பாலும் அர்த்தம். சுற்றியுள்ள உடல் பித்தளை மாதிரி ஏதோ ஒன்று, மேலே முலாம். நம் வியர்வைக்கு அந்த முலாம் ஓரங்களில் கரைந்து பச்சை பூக்கும். சிலருக்குத் தோலும் அரிக்கும். உடலும் ஸ்டீல்தானா என்று கடையில் கேளுங்கள். தங்க முலாம் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு விஷயம்.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறோம். டயலில் '30 மீட்டர்' என்று போட்டிருந்தால் முப்பது மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று தோன்றும். அது ஆய்வகத்தில் அசையாமல் வைத்துச் சோதிக்கும் அழுத்தத்தின் அளவு. நடைமுறையில் 30 என்றால் கை கழுவலாம், தூறலில் போகலாம், அவ்வளவுதான். 50 இருந்தால் ஓரளவு நனையலாம். நீச்சல் குளத்துக்கும் நவம்பர் மழையில் பைக் ஓட்டவும் 100 இருந்தால் நிம்மதி. 200 மீட்டர் டைவர் வாட்ச் மெரினாவில் கால் நனைப்பதற்கு அதிகம்தான், ஆனால் தப்பில்லை. எதுவானாலும் பக்கவாட்டுத் திருகு உள்ளே அமுங்கியிருக்க வேண்டும். வெந்நீர் ஷவருக்குக் கொண்டு போகாதீர்கள், கடல் தண்ணீர் பட்டால் குழாயடியில் அலசுங்கள். ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு வந்ததும் கண்ணாடிக்கு உட்பக்கம் பனி படர்ந்து போகாமல் நின்றால், உள்ளே ஈரம் புகுந்துவிட்டது. அரிசி டப்பாவில் புதைப்பதெல்லாம் வேண்டாம். அன்றைக்கே ரிப்பேர் கடைக்குப் போய் மூடியைத் திறந்து காய வைக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடியில் மூன்று வகை. பழைய வாட்சுகளில் அக்ரிலிக்: சுலபமாகக் கீறும், டூத் பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் கீறல் போகும். நடுத்தர விலையில் மினரல். அதற்கு மேல் சஃபையர், கடினத்தில் வைரத்துக்குச் சற்றே கீழே. கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் மினரலைக் கீறும், சஃபையரைக் கீறாது. ஆனால் மொசைக் தரையில் ஓங்கி விழுந்தால் சஃபையர் சில்லுச் சில்லாகிவிடும்.

அளவு

ஒரு நூலை மணிக்கட்டில் சுற்றி ஸ்கேலில் அளந்து பாருங்கள். 16, 17 சென்டிமீட்டர் என்றால் 36 முதல் 40 மில்லிமீட்டர் டயல் உட்காரும். 44, 46 எல்லாம் கையில் சோப்பு டப்பா கட்டியது போல இருக்கும். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் மணிக்கட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது உங்களுக்கான வாட்ச் இல்லை. இதை இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, கடைக்குப் போய்க் கட்டித்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு, எங்கே

விலைகளைத் தோராயமாகச் சொல்கிறேன். ஆயிரத்தையொட்டி சொனாட்டாவும் கேஸியோவின் டிஜிட்டலும். இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் டைட்டன் குவார்ட்ஸ், தினசரி அலுவலகத்துக்கு இதைத் தாண்டி யாருக்கும் அவசியம் இல்லை. டைட்டன் நம் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய கம்பெனி, தொழிற்சாலை ஓசூரில். ஊர்ப் பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். செல், ஸ்ட்ராப், சர்வீஸ் மூன்றும் தி.நகரிலோ தாம்பரத்திலோ நடக்கிற தூரத்தில் கிடைக்கும் என்பதுதான் அதை நான் சொல்வதற்குக் காரணம். மெக்கானிக்கல் ஆசை இருந்தால் சீக்கோ 5 வரிசை, இருபத்தைந்து முப்பதாயிரம். ஒன்று தெரிந்து வாங்குங்கள்: அதில் ஓடும் இயந்திரம் நாளைக்கு 45 விநாடி வரை முந்தினாலும் 35 விநாடி வரை பிந்தினாலும் கம்பெனி கணக்கில் அது சரிதான். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றிருக்கும். ரிப்பேர் என்று நினைத்துப் பதறி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்பெனி ஷோரூம்கள், பல பிராண்டு வைத்திருக்கும் கடைகள், மால்கள் எல்லாம் சரி. அண்ணா சாலையில் 1879இல் எழுந்த பி.ஆர் அண்ட் சன்ஸ் கட்டடத்தை, வாங்காவிட்டாலும் ஒரு தடவை நின்று பாருங்கள். பாரிமுனைப் பக்கம் பர்மா பஜாரும் காசிச் செட்டித் தெருவும் வேறு உலகம். ஸ்ட்ராப், பெட்டி, சுவர்க் கடிகாரம் வாங்க நல்ல இடம். அங்கே 'பர்ஸ்ட் காப்பி' என்று யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது போலி என்பதற்கான மரியாதைச் சொல், அவ்வளவுதான். மூவாயிரம் கொடுத்துப் பெரிய பெயர் போட்ட போலி வாங்குவதற்கு, அதே பணத்துக்குத் தன் சொந்தப் பெயரில் வரும் வாட்ச் வாங்கலாம். போலி கெட்டுப்போனால் ரிப்பேர்காரர் தொடக்கூட மாட்டார்.

எங்கே வாங்கினாலும் கடைப் பெயரும் தேதியும் போட்ட பில், முத்திரை குத்திய வாரன்டி கார்டு. இரண்டும் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிவிடுங்கள்.

பழைய எச்எம்டி மோகம்

1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கி, ஒரு தலைமுறையின் கையையே பிடித்து வைத்திருந்தது எச்எம்டி. கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததும் அதற்கு மவுசு ஏறிவிட்டது. சில ஆயிரங்களுக்குள் ஒரு மெக்கானிக்கல் வாட்ச், அதுவும் கதையோடு. ஆசை வருவது இயல்புதான். ஆனால் இணையத்தில் பளபளவென்று பச்சை, ஆரஞ்சு, மயில் நீல டயலோடு வரும் எச்எம்டிகளில் பெரும்பாலானவை பல வாட்சுகளின் மிச்சத்தைச் சேர்த்து, டயலுக்குப் புதுச் சாயம் அடித்தவை. எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தடித்து, ஓரம் கலங்கியிருந்தால் மறுபடி அச்சடித்தது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மாமா தந்த எச்எம்டி ஜனதா ஒன்றைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். டயல் பழுப்பேறி, ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒரு கறை. "டயலையும் புதுசு பண்ணித் தந்துடறேன் தம்பி" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். திரும்பி வந்தது வேறு வாட்ச். மாமா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு" என்றார். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் ரசீதிலேயே எழுதச் சொல்கிறேன்: எண்ணெய் மட்டும், டயலைத் தொடக் கூடாது.

சரி, பெரிய வாட்ச்தான் வேண்டும் என்றால்

ஆசைக்குக் காரணம் கேட்க நான் யார். பத்து லட்சத்தில் பணம் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துவிடலாம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத பாகங்களின் ஓரத்தைக்கூடக் கையால் தேய்த்து மெருகேற்றுவது, சொந்த இயந்திரம், பல பத்தாண்டுகள் கழித்தும் உதிரிபாகம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இவை ஒரு பகுதி. மீதி, பெயருக்கு. டயலில் 'சுவிஸ் மேட்' என்று போட, 2017 முதல் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அங்கே ஆகியிருக்க வேண்டும். நூறும் அங்கேதான் என்று அந்த வார்த்தைக்கு அர்த்தம் இல்லை.

பெயருக்கும் கதைக்கும் என்ன விலை என்று தெரிய ஓர் உதாரணம் போதும். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏலம் போனது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல். ஸ்டீல் வாட்ச்தான். 'டிரைவ் கேர்ஃபுலி மீ' என்று அவர் மனைவி பின்பக்கம் பொறித்துக் கொடுத்தது. அதே மாடல் கடைக்கு வந்த காலத்தில் சில நூறு டாலர்தான்.

இந்தக் கதையைச் சொல்லித்தான் "வாட்ச் ஒரு முதலீடு சார்" என்பார்கள். 2021இலும் 2022 தொடக்கத்திலும் டேடோனா, படேக் ஃபிலிப்பின் நாட்டிலஸ் போன்ற சில மாடல்கள் மறுவிற்பனையில் கடை விலையைப் போலப் பல மடங்காக ஏறின உண்மைதான். அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் அதே வருடம் விலை சரிந்ததையும் பார்த்தார்கள். ஏறியதும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்கள்தான். மற்ற சுவிஸ் வாட்சுகள் பெரும்பாலும் கடை வாசலைத் தாண்டியதுமே புது கார் போல இறங்கிவிடும். வாங்கினால் கட்டுவதற்கு வாங்குங்கள். பணத்தைப் பெருக்க ஆசை என்றால் அது வேறு கவுன்டர்.

வாங்குகிற முறையிலும் வித்தியாசம் உண்டு. நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் சாலை, ராயப்பேட்டை, வேளச்சேரி மால்கள் பக்கம் போனால் பெரிய பெயர்களைப் பார்க்கலாம். (அதே நுங்கம்பாக்கத்தில் இருந்த வானியல் ஆய்வகம்தான் ஒரு காலத்தில் இந்திய ரயில்களுக்கெல்லாம் மணி சொன்னது. அந்த 'மெட்ராஸ் டைம்' கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னே. 1906இல் வந்த இந்திய நேரம் அதற்கும் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே.) பிரபலமான ஸ்டீல் மாடல் கேட்டால் பெயரை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். அவசரப்பட்டு வெளியில் கூடுதல் விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு. அப்படி வாங்கினால் பெட்டி, வாரன்டி கார்டு, அதில் இருக்கும் எண்ணும் வாட்சில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்பது, மூன்றையும் பார்த்து, பணம் கொடுக்கும் முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் திறந்து காட்டச் சம்மதிக்கிற ஆளிடம் மட்டும் வாங்குங்கள். சம்மதிக்காதவரிடம் பேச வேறொன்றும் இல்லை.

வரிக் கணக்கும் போட்டுவிடுங்கள். வாட்சுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது பெரும்பாலும் ஒட்டியிருக்கும் விலைக்குள்ளேயே இருக்கும். பத்து லட்சத்துக்கு மேல் போனால் 2025 ஏப்ரல் முதல் கடைக்காரர் 1 சதவீதம் வரியாகப் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவார். வருமான வரித் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்குச் சட்டம் இடம் கொடுக்காது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாலு நாடுகளோடு செய்த ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருப்பதால் சுவிஸ் வாட்சுகளின் சுங்க வரி படிப்படியாகக் குறைகிறது. அவசரம் இல்லாதவர் காத்திருக்கலாம். துபாயிலிருந்து மச்சான் கையில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்ற திட்டம் மட்டும் வேண்டாம். சலுகை வரம்பைத் தாண்டிய பொருளை மீனம்பாக்கத்தில் சொல்லி வரி கட்டியே ஆக வேண்டும். சொல்லாமல் வந்து பிடிபட்டால் வாட்சும் போகும், மச்சானின் அன்பும் போகும்.

கடைசியாக, சர்வீஸ். ஆட்டோமேட்டிக்கைச் சில வருடங்களுக்கு ஒரு முறை முழுதாகப் பிரித்து எண்ணெய் போட வேண்டும். ரோலெக்ஸ் சுமார் 10 வருடத்துக்கு ஒரு முறை என்கிறது, ஒமேகா 5 முதல் 8 வருடம். உயர்ந்த பிராண்டுகளில் ஒவ்வொரு தடவையும் பல்லாயிரம் ஆகும், அந்தப் பணத்தில் ஒரு நல்ல வாட்சே வாங்கிவிடலாம். வாங்கும் முன்பே சர்வீஸ் கட்டணம் எவ்வளவு, சென்னையிலேயே நடக்குமா, வெளியூருக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். கேட்டதும் உங்களை ஏற இறங்கப் பார்த்தால் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாளே தேதியைத் திருப்பத் தோன்றும். மெக்கானிக்கல் வாட்சில் இரவு 9 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் நடுவே தேதியைத் திருகாதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே பற்சக்கரம் தேதித் தட்டைப் பிடித்திருக்கும், பல் உடைந்தால் செலவு. முள்ளை ஆறு மணிக்குக் கொண்டு வந்துவிட்டுத் தேதியை மாற்றினால் போதும்.

திடீரென்று நாளுக்கு ஐந்து பத்து நிமிடம் முந்த ஆரம்பித்தால் காந்தம் ஏறியிருக்கலாம். போன் ஸ்பீக்கர், லேப்டாப் மூடி, காந்தப் பூட்டு வைத்த பை இவற்றின் மேல் இரவெல்லாம் கிடந்தால் ஆகும். ரிப்பேர் கடையில் ஒரு சின்னப் பெட்டி மேல் வைத்து எடுத்தால் நிமிடத்தில் போய்விடும். குவார்ட்ஸ் நின்றால் செல்லை உடனே எடுத்துவிடுங்கள். செத்த செல் உள்ளேயே கசிந்தால் வாட்ச் மொத்தமும் போச்சு. "ஒரிஜினல் போடவா, சாதா போடவா?" என்று கேட்பார், ஒரிஜினல் போடச் சொல்லுங்கள். 100 மீட்டர் வாட்ச் என்றால் மூடியைத் திறந்த கையோடு உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

செயினைக் கைக்கு ஏற்றபடி குறைக்கும்போது கழற்றிய கண்ணிகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பில்லோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். கல்யாணம் ஆகி இரண்டு வருடத்துக்குள் எடுக்க வேண்டி வரும்.